வக்காலத்து, செக் நோட்டீஸ், மின்னணு ஆதாரத்துக்கான 63 சான்றிதழ்: இதற்கெல்லாம் நிரப்புகிற ஃபார்ம் செய்து வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா?

தாலுகாகோர்ட்டார்:

சீனியரிடமிருந்து வந்து சொந்தமாக ஆபீஸ் போட்டிருக்கிறேன். நான், ஒரு ஜூனியர், வயதான குமாஸ்தா ஒருவர். சிவில்தான் அதிகம், கூடவே செக் கேஸ், எப்போதாவது ஒரு எம்சிஓபி (வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு). பார்த்தால் வேலை நேரத்தில் பாதி ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதிலேயே போகிறது. கட்சிக்காரர் பெயர், த/பெ, வயது, கதவு எண், தெரு, தாலுகா எல்லாம் வக்காலத்தில் ஒரு முறை, வழக்குரையில் ஒரு முறை, ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டால் அஃபிடவிட்டிலும் பெட்டிஷனிலும், அப்புறம் பேட்டா மெமோ (சம்மன் அனுப்பக் கட்டணம் கட்டுகிற தாள்), டாக்கெட் (கட்டின் மேலட்டை), நகல் மனு, கடைசியில் இ-ஃபைலிங் தளத்தில் மறுபடியும் முதலிலிருந்து.

இப்போதைக்கு எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான் எங்களிடமும். பழைய வழக்கின் வேர்ட் ஃபைலைத் திற, பெயரை மாற்று, சேவ் ஆஸ் கொடு. இதில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சமீபத்தில் எதிர்த்தரப்பு கொடுத்த ஒரு பதிலுரையில், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்மணி ஏழாவது பாராவில் "இந்தப் பிரதிவாதியின் மனைவி" ஆகியிருந்தார். சிரித்தோம். ஆனால் நம் ஆபீஸிலிருந்து அப்படி ஒன்று போக எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் கட்டம் போட்டு நிரப்புகிற மாதிரி டிஜிட்டல் ஃபார்ம்களாக மாற்றிவிடலாம் என்று யோசனை. ஜூனியர் ஆர்வத்தில் வக்காலத்தை பிடிஎஃப் ஃபார்மாகச் செய்து கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் அடித்தால் அழகாக நிற்கிறது. தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் சில கட்டங்கள் காலியாகவே தெரிகின்றன.

பிடிஎஃப், வேர்ட், கூகுள் ஃபார்ம், இதில் எது நம் வேலைக்கு ஒத்துவரும்? எந்தக் காகிதத்தை ஃபார்ம் ஆக்கலாம், எதைத் தொடக்கூடாது? ஃபைலிங் செக்ஷனில் இதைக் காரணம் காட்டி ரிட்டர்ன் போடுவார்களா (காகிதத்தைத் திருப்பிவிடுவார்களா)? மாதச் சந்தா கட்டுகிற சாஃப்ட்வேர் எதுவும் சொல்ல வேண்டாம், சென்னையில் பெரிய ஃபர்ம்கள் செய்வது வேறு, இது மூன்று பேர் ஆபீஸ்.

நெல்லை சிவில்:

மூன்று பேர் ஆபீஸுக்கு பிடிஎஃப் ஃபார்ம் வேண்டாம் சார். வக்காலத்தை நீங்களே நிரப்பி, நீங்களே பிரிண்ட் எடுத்து, கட்சிக்காரரிடம் பேனாவில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்துதானே ஏற்றப் போகிறீர்கள்? அப்புறம் அந்த பிடிஎஃப்புக்குள் கட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. வங்கி, அரசுத் துறை மாதிரி வெளியே இருக்கிற ஆயிரம் பேரை நிரப்ப வைக்கிற இடத்தில்தான் அதற்கு வேலை.

நாங்கள் வைத்திருப்பது எக்செல் ஷீட் ஒன்று, வேர்டில் மெயில் மெர்ஜ் (ஷீட்டில் உள்ள விவரம் படிவத்தில் தானாக வந்து விழுகிற வசதி), அவ்வளவுதான். ஒரு வழக்குக்கு ஒரு வரிசை. கோர்ட் பெயர், வழக்கு எண், நம் கட்சிக்காரர், எதிர்த்தரப்பு, த/பெ அல்லது க/பெ, வயது, விலாசம், வழக்கு மதிப்பு, கட்டணம், வாய்தா தேதி. வக்காலத்து, பேட்டா மெமோ, நகல் மனு, டாக்கெட், முகவரி மெமோ எல்லாம் வேர்டில் தனித்தனி மாதிரிப் படிவங்கள், எல்லாம் அந்த ஒரே ஷீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். இ-ஃபைலிங் தளத்தில் அடிக்கும்போதும் அந்த வரிசையிலிருந்தே காப்பி செய்து போட்டால் வழக்குரையில் ஒரு இனிஷியல், தளத்தில் வேறு இனிஷியல் என்ற பிரச்சினை வராது.

ஆனால் எக்செல்லில் கை வைக்குமுன் ஒன்று செய்துவிடுங்கள், ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஃபார்மேட்டை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அப்புறம் அடிக்க ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் சர்வே எண் 12/3 என்று அடித்ததும் அது தானாகத் தேதியாக மாறி நிற்கும். 5/2019 என்ற வழக்கு எண் மே மாதம் ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்துக்கு மேல் போனால் எக்செல் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். தேதியும் அப்படித்தான், தேதியாகவே வைத்திருந்தால் மெர்ஜ் ஆகும்போது அமெரிக்கக்காரன் மாதிரி மாதம் முன்னால், நாள் பின்னால் வந்து உட்காரும். 3.11 எது 11.3 எது என்று லிமிட்டேஷன் (காலக்கெடு) விஷயத்தில் விளையாட முடியாது.

தமிழில் இதைச் செய்யும்போது முதலில் இடிப்பது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் பெயரைக் கட்டத்தில் போட்டால் முடிந்தது. நம் மொழியில் முருகன் முருகனுக்கு ஆவார், செல்வி செல்விக்கு ஆவார், குமார் குமாருக்கு ஆவார், கட்டத்துக்குப் பின்னால் 'க்கு' என்று ஒட்டி வைத்தால் 'முருகன்க்கு' என்று வந்து நிற்கும். இதற்கு ஃபார்முலா எழுதுகிறேன் என்று இறங்க வேண்டாம். நம் பழைய தஸ்தாவேஜு நடையிலேயே வழி இருக்கிறது: பெயர் எங்கே வந்தாலும் 'என்பவர்' சேர்த்து எழுதுங்கள், உருபு முழுவதும் அதன் மேல் ஏறிக்கொள்ளும். முருகன் என்பவருக்கு, செல்வி என்பவரை. முதல் பாராவில் மட்டும் பெயர், அதற்குப் பிறகு முழுக்க 'மனுதாரர்', '2-ஆம் எதிர்மனுதாரர்' என்றே போனால் இன்னும் நிம்மதி. ஆண், பெண் விகுதிப் பிரச்சினையும் 'அவர்' என்பதில் தீர்ந்துவிடும். கட்சிக்காரர் கம்பெனியாக இருந்தால் மட்டும் தனிப் படிவம் வையுங்கள், 'த/பெ' கட்டத்தைக் காலியாக விட்டால் அசிங்கமாக இருக்கும்.

எதைத் தொடக்கூடாது என்று கேட்டீர்கள். வழக்குரை, பதிலுரை, ஆட்சேபணை, இதையெல்லாம் ஃபார்ம் ஆக்காதீர்கள். தலைப்பும் தரப்பினர் விவரமும் மெர்ஜில் வரட்டும், உள்ளே கதையை உட்கார்ந்து எழுதுங்கள். தரப்பினர் விவரமே கூட பாகப்பிரிவினை வழக்கில் உதைக்கும். மூன்று பிரதிவாதிக்குக் கட்டம் போட்டிருப்பீர்கள், வழக்கில் பதினான்கு பேர் இருப்பார்கள், நடுவில் ஒருவர் இறந்து வாரிசுகள் நாலு பேர் சேர்வார்கள்.

ஃபைலிங் செக்ஷனில் ஃபார்மில் அடித்தீர்களா கையில் எழுதினீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவர்கள் பார்ப்பது ஸ்டாம்ப், கையெழுத்து, பக்க எண், வக்கீல் நலநிதி ஸ்டாம்ப், விலாசம், பின்கோடு.

கோர்ட் வாசல் டைப்பிங்:

வக்கீல் இல்லை, கோர்ட் வாசலில் டைப்பிங், டிடிபி கடை வைத்திருப்பவன். தமிழ் உடைவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிடிஎஃப் ஃபார்மின் கட்டத்தில் தமிழ் சரியாக வராததற்குக் காரணம், 'கொ' மாதிரி எழுத்தில் கொம்பையும் காலையும் இடம் மாற்றிச் சேர்த்துக் காட்டுகிற வேலையை வேர்ட் ஒழுங்காகச் செய்யும், பிடிஎஃப் கட்டத்தில் அது எந்த சாஃப்ட்வேரில் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மெஷினில் நன்றாகத் தெரியும், கட்சிக்காரர் போனில் திறந்தால் சிதறும். நிரப்பியது காலியாகத் தெரிவதும் இந்த வகைதான். ஏற்கெனவே யாரோ கொடுத்த பிடிஎஃப் ஃபார்மை நிரப்பியே ஆகவேண்டும் என்றால், நிரப்பி முடித்ததும் அப்படியே அனுப்பாமல் பிரிண்ட் கொடுத்து 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாக இன்னொரு பிடிஎஃப்பாக எடுத்துவிடுங்கள். கட்டமெல்லாம் போய்ச் சாதாரணப் பக்கமாகிவிடும், யார் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும், யாரும் உள்ளே கை வைத்து ஒரு எண்ணை மாற்றவும் லேசில் முடியாது. சில பழைய அரசு ஃபார்ம்கள் பிரவுசரில் திறந்தால் 'பிளீஸ் வெயிட்' என்று மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். காத்திருந்து பிரயோஜனமில்லை, டவுன்லோட் செய்து அடோபி ரீடரில் திறக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஃபான்ட். இங்கே முக்கால்வாசிப் பேர் இன்னும் பாமினி, வானவில் என்றுதான் ஓட்டுகிறார்கள், நானும் அதில்தான் பழகினேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் மட்டும் தமிழாகக் காட்டுகிறது. நெல்லை சார் சொல்கிற மாதிரி ஒரு ஷீட்டில் வைத்துப் பல இடத்துக்கு எடுக்க வேண்டும், தேட வேண்டும், தளத்தில் ஒட்ட வேண்டும் என்றால் யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தவிர வேறு வழி கிடையாது. பாமினியில் இருப்பதை இ-ஃபைலிங் தளத்தில் ஒட்டினால் ஏதோ பூச்சி மருந்துப் பெயர் மாதிரி வந்து விழும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடுக்கு ஆணை போட்டாகிவிட்டது. பழைய ஃபைல்களை என்ஹெச்எம் கன்வர்ட்டரில் போட்டு மாற்றலாம், இலவசம்தான், ஆனால் மாற்றியபின் ஒரு முறை முழுக்கப் படிக்க வேண்டும், நடுவில் ஆங்கில வார்த்தை இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி வைக்கும். விண்டோஸில் நிர்மலா ஏற்கெனவே இருக்கிறது. அரசுக் காகிதம் மாதிரி தெரிய வேண்டும் என்றால் மருதம் ஃபான்ட்.

பிடிஎஃப் எடுக்கும்போது வேர்டில் 'சேவ் ஆஸ்' ஆப்ஷன்ஸுக்குள் பிடிஎஃப்-ஏ என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு எடுங்கள். அதில் ஃபான்ட்டும் ஃபைலுக்குள்ளேயே போய்விடும். இ-ஃபைலிங்குக்கும் அந்த வகைதான் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பக்கத்தை மட்டும் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து சேருங்கள். முழுக் கட்டையும் போனில் போட்டோ பிடித்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், சில பக்கத்தில் கட்டைவிரல் கூடத் தெரியும்.

1991 என்ரோல்மென்ட்:

தம்பி, உங்கள் முயற்சியைக் குறை சொல்லவில்லை. நாங்களும் அந்தக் காலத்தில் அச்சடித்த வக்காலத்து ஃபாரத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பித்தான் வந்தோம், ஸ்டேஷனரிக் கடையில் கட்டாக விற்கும். அதனால் ஃபார்ம் என்பது உங்கள் தலைமுறை கண்டுபிடித்ததல்ல. ஆனால் அதோடு வந்த கெட்ட பழக்கமும் ஒன்று உண்டு, வெற்று ஃபாரத்தில் கட்சிக்காரரிடம் ஐந்தாறு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது. கட்சிக்காரர் வெளியூர், அடுத்த வாய்தாவுக்கு வரமாட்டார் என்று ஏதாவது சமாதானம் இருக்கும். கம்ப்யூட்டரில் படிவம் தயாராக இருந்தால் இந்த ஆசை இன்னும் கூடும், குறுக்கு விசாரணையில் "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா" என்று கேட்டால் உங்கள் கட்சிக்காரர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

வழக்குரையின் கடைசியில் வரும் வெரிஃபிகேஷனில் (சத்தியப் பகுதி) கவனம் வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 6 ரூல் 15-இல் வெரிஃபிகேஷன் எழுதும்போது எந்தெந்தப் பாரா தன் சொந்த அறிவில், எது கேட்டறிந்து நம்புவது என்று பாரா எண் போட்டுப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஃபார்மில் "பாரா 1 முதல் 10 வரை" என்று நிரந்தரமாக அடித்து வைத்திருப்பார்கள், வழக்குரையில் எட்டு பாராதான் இருக்கும். இல்லாத பாராவுக்கும் சேர்த்துச் சத்தியம்.

செக் நோட்டீஸை எல்லோரும் முதலில் ஃபார்ம் ஆக்குவார்கள், நாலு வரியில் முடிகிற விஷயம் என்று. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் சொன்னதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். செக் ஒரு கோடி, நோட்டீஸில் கேட்டது இரண்டு கோடி. டைப்பிங்கில் வந்த தவறு என்று வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-இன் கீழ் நோட்டீஸில் கேட்கிற தொகை செக்கில் இருக்கிற தொகைதான், அது மாறினால் நோட்டீஸே செல்லாது, டைப் பிழை என்பது தப்பிக்க வழியல்ல என்று முடித்துவிட்டார்கள். பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றித் தொகையை மறந்தால் கதை அவ்வளவுதான்.

நெல்லை சிவில்:

சீனியர் சொன்ன வழக்குதான் நான் ஃபார்ம் வேண்டும் என்பதற்கே முதல் காரணம் சார். தொகையை ஷீட்டில் ஒரே கட்டத்தில் அடிக்கிறோம், நோட்டீஸில் அது எத்தனை இடத்தில் வந்தாலும் அதே எண்தான் வரும். பழைய ஃபைல் முறையில் மூன்று இடத்தில் மாற்றி நாலாவது இடத்தை விட்டுவிடுவோம். வட்டி, வக்கீல் கட்டணம் எல்லாம் கேட்பதாக இருந்தால் செக் தொகையோடு கலக்காமல் தனிப் பாராவில், தனிக் கட்டத்தில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் நான் தானாக நிரப்ப விடுவதில்லை, எழுத்தால் ரூபாய். எக்செல்லில் தொகையை எழுத்தாக்க ஏற்கெனவே இருக்கிற ஒரே ஃபார்முலா தாய்லாந்துக்காரர்களின் பாட் நாணயத்துக்கானது, லட்சம் கோடிக்குக் கிடையாது. மேக்ரோ எழுதித் தரலாம், யூடியூபிலும் கிடைக்கும். நான் வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம், ஜூனியர் செக்கை மேசையில் வைத்துப் பார்த்து எழுத்தால் அடிக்கும்போதுதான் எண்ணால் போட்டது தவறு என்றால் தெரியவரும். இரண்டையும் மெஷினே போட்டால் தவறும் இரண்டு இடத்திலும் பொருத்தமாகவே இருக்கும்.

தேதிக் கணக்கை ஷீட்டில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் கிடைத்ததிலிருந்து நோட்டீஸுக்கு 30 நாள், எதிரி நோட்டீஸ் வாங்கியதிலிருந்து பணம் கட்ட 15 நாள், இரண்டும் நாள் கணக்கு, கூட்டிக்கொள்ளலாம். அதன்பிறகு புகார் போட சட்டம் தருவது ஒரு மாதம், 30 நாள் அல்ல. 1999-இல் சாகேத் இந்தியா வழக்கில் இதே விஷயம்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. நோட்டீஸ் கிடைத்தது 29.9.1995, 15 நாள் முடிந்து வழக்கு மூலம் (வழக்குப் போடும் உரிமை) எழுந்தது 15.10.1995, புகார் போட்டது 15.11.1995. முதல் நாளை விட்டுவிட்டுக் கணக்கிட வேண்டும், புகார் காலத்துக்குள்தான் என்றார்கள். உங்கள் ஷீட்டில் 15.10-உடன் 30 கூட்டினால் 14.11 என்று காட்டும். அந்தப் பக்கம் பிப்ரவரியில் இதே 30 உங்களைத் தாமதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், ஜனவரி 31-இல் தொடங்கினால் மாதம் பிப்ரவரிக் கடைசியோடு முடிந்துவிடுகிறது, ஷீட் மார்ச் என்று சொல்லிக்கொண்டிருக்கும். மாதத்துக்கு எக்செல்லில் ஈடேட் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது, அதைப் போடுங்கள், அந்தக் கட்டங்களை மட்டும் 'டெக்ஸ்ட்' ஆக்காமல் தேதியாகவே விடுங்கள். எப்படியிருந்தாலும் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள் என்பது வேறு விஷயம்.

மாட்டுத்தாவணி:

இங்கே யாரும் 63 சான்றிதழ் பற்றிப் பேசவில்லையே, தலைப்பில் இருக்கிறது. அது ஒன்றுக்குத்தான் நான் கட்டாயம் ஃபார்ம் செய்யச் சொல்வேன்.

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 1.7.2024-இல் வந்ததிலிருந்து வாட்ஸ்ஆப் சாட், சிசிடிவி, கால் ரெக்கார்டிங் எதைக் கொடுத்தாலும் 63(4) சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி மாதிரி அவரவர் இஷ்டத்துக்கு எழுத முடியாது, சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. பகுதி ஏ சாதனத்தைக் கையில் வைத்திருப்பவர் கொடுப்பது, பகுதி பி நிபுணர் கொடுப்பது. எந்தச் சாதனம் என்று டிக் அடிக்க வேண்டும் (கம்ப்யூட்டர், டிவிஆர், மொபைல், சர்வர், கிளவுட் என்று போகும்), தயாரித்த கம்பெனி, மாடல், நிறம், சீரியல் எண், ஐஎம்இஐ, சாதனம் சொந்தமா, பராமரிக்கிறாரா, இயக்குகிறாரா, ஹாஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்), எந்த அல்காரிதம், தேதி, நேரம் 24 மணிக் கணக்கில். இவ்வளவும் டிக் அடிக்கிற, சின்னச் சின்ன விவரம் நிரப்புகிற வேலை. வேர்டில் டெவலப்பர் டேபுக்குள் போய் செக்பாக்ஸ், டிராப்டவுன் வைத்து, மீதி வாசகத்தை 'ரிஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போட்டுப் பூட்டிவிட்டால் சட்டத்தின் வாசகத்தில் யாரும் தெரியாமல் கூட ஒரு வார்த்தை மாற்ற முடியாது. இதற்கு மெயில் மெர்ஜை விட இதுதான் சரி.

இரண்டு விஷயம். வேர்ட் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அதற்குள் இருக்கிற 'கிளிக் ஆர் டேப் ஹியர்' என்ற வாசகம் அப்படியே பிரிண்ட்டில் வரும். கோர்ட்டில் தாக்கலான காகிதத்திலேயே அதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாசகத்தை எடுத்துவிட்டு மூன்று நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள், பிரிண்ட் எடுக்குமுன் தேடினால் எங்கே காலி என்று தெரிந்துவிடும்.

அடுத்தது ஹாஷ். இதை ஃபார்மில் முன்கூட்டி அடித்து வைக்கவே கூடாது, போன வழக்கின் ஹாஷ் அப்படியே இருந்தால் சான்றிதழ் கொடுத்தவரின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்று கொடுத்தால் ஷா-256 மதிப்பு வரும், அதை அப்படியே காப்பி செய்து ஒட்டுங்கள், கண்ணால் பார்த்து அடிக்காதீர்கள், 64 எழுத்து. அந்த ரிப்போர்ட்டையும் சான்றிதழோடு இணைக்கச் சொல்லி படிவத்திலேயே இருக்கிறது. கட்சிக்காரர் வீடியோவை உங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அதை நீங்கள் டவுன்லோட் செய்து ஹாஷ் எடுத்தால் அது அவர் போனில் இருக்கிற ஃபைலின் ஹாஷாக இருக்காது, வழியில் வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கியிருக்கும். போனைக் கேபிளில் செருகி எடுங்கள்.

தாலுகாகோர்ட்டார்:

எல்லோருக்கும் நன்றி. 1991 சார், வெற்றுக் கையெழுத்து விஷயம் குறித்துக்கொண்டேன், எங்கள் குமாஸ்தாவுக்கும் படித்துக் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிடிஎஃப் யோசனையைக் கைவிட்டாகிவிட்டது. எக்செல் ஷீட்டை இன்று ஆரம்பித்தோம், முதல் வரிசையிலேயே கதவு எண் தேதியானது, நெல்லை சார் சொன்ன மாதிரியே.

இன்னும் இரண்டு. கட்சிக்காரர் முதலில் வரும்போது விவரம் எடுக்க கூகுள் ஃபார்ம் அனுப்பலாமா? கல்ஃபில் இருக்கிற கட்சிக்காரர்கள் சிலருக்கு வசதியாக இருக்கும். இன்னொன்று, வக்காலத்து, உயில், பவர் பத்திரம் இதையெல்லாம் ஆன்லைனில் நிரப்பி ஆதார் இ-சைன் போட்டு முடிக்கலாம் என்று ஜூனியர் சொல்கிறார். முடியுமா?

ஃபேமிலி கோர்ட் பக்கம்:

உயிலில் இ-சைன் செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் முதல் அட்டவணையிலேயே உயில் விலக்கப்பட்டிருக்கிறது. பவர் பத்திரமும் அதே அட்டவணையில்தான். 2022-இல் ஒரு திருத்தம் வந்து, ரிசர்வ் வங்கி, செபி மாதிரி அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுக்கிற பவருக்கு மட்டும் விலக்கைத் தளர்த்தினார்கள், உங்கள் கட்சிக்காரர் தன் தம்பிக்குக் கொடுக்கிற பவர் அதில் வராது. அதே திருத்தத்தில் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உடனே கிரய அக்ரிமெண்டை ஆன்லைனில் முடிக்கலாம் என்று ஜூனியர் கிளம்பிவிடப் போகிறார், தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்தாக வேண்டும், 2012 திருத்தம். எப்படியும் சார்பதிவாளர் ஆபீஸ் படி ஏற வேண்டும். கோர்ட் காகிதத்தைப் பொறுத்தவரை இ-ஃபைலிங் தளத்தில் வக்கீல் தன் பங்குக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ ஆதார் இ-சைனோ பயன்படுத்தலாம், கட்சிக்காரர் கையெழுத்தைப் பேனாவிலேயே வாங்குங்கள், பின்னால் "நான் போடவில்லை" என்று வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மையில் ஒன்று இருக்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம் பற்றி. பெயர், விலாசம், போன், எதிர்த்தரப்பு யார் என்கிற அளவுக்குச் சரி. எதிர்த்தரப்பு பெயரை முதலிலேயே கேட்பது நல்லது, நமக்கு ஏற்கெனவே அவர் கட்சிக்காரராக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்கு மேல் "உங்கள் பிரச்சினையைச் சுருக்கமாக எழுதுங்கள்" என்று ஒரு கட்டம் வைக்காதீர்கள். என் பக்கம் வருவது விவாகரத்து, குழந்தை கஸ்டடி. ஒருவர் அந்தக் கட்டத்தில் எழுதுவதை அவர் வீட்டிலேயே அவர் போனிலேயே கணவர் திறந்து பார்க்கலாம், பல வீட்டில் ஒரே மெயில் ஐடி. வக்கீலிடம் சொன்னதற்கு சாக்ஷிய அதினியம் 132-இல் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் எங்கேயோ திறந்து கிடக்கிற ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு யார் காவல்? 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சட்ட உரிமையை நிலைநாட்டும் வேலைக்குச் சில விலக்கு உண்டு என்றாலும், கையில் இருக்கிற தரவைப் பத்திரமாக வைக்கிற பொறுப்பு விலகவில்லை. ஆதார் நகலை ஃபார்மில் அப்லோட் செய்யச் சொல்ல வேண்டாம். கல்ஃப் கட்சிக்காரருக்கு வீடியோ காலில் பேசி நீங்களே ஷீட்டில் அடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் பாதிப் பேர் ஃபார்மைத் திறந்ததும் "சார், நீங்களே போட்டுக்கோங்க" என்று போன் செய்துவிடுவார்கள், அது தனி.

தாலுகாகோர்ட்டார்:

தெளிவாகிவிட்டது மேடம். நெல்லை சார், உங்கள் வேர்ட் மாதிரிப் படிவங்களை இங்கே பகிர முடியுமா? எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும்.

நெல்லை சிவில்:

வக்காலத்து, நகல் மனு, பேட்டா மெமோ மூன்றும் அனுப்புகிறேன், உங்கள் கோர்ட் வழக்கப்படி தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். செக் நோட்டீஸைத் தரமாட்டேன், அதை உட்கார்ந்து நீங்களே எழுதுங்கள், சீனியர் சொன்னதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஞாயிறுதான் நேரம் கிடைக்கும், ஏனென்றால் பகிருமுன் ஒவ்வொரு ஃபைலிலும் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' ஓட்டிப் பழைய பெயர், கமெண்ட், டிராக் சேஞ்ச் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருக்கிறது. நீங்களும் எதிர்த்தரப்புக்கு வேர்ட் ஃபைல் அனுப்புகிற வழக்கம் இருந்தால் அதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மெர்ஜ் இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் அனுப்புவேன், அப்படியும் திறந்ததும் 'டேட்டா சோர்ஸ் எங்கே' என்று கேட்டால் 'நோ' கொடுத்துவிட்டு உங்கள் ஷீட்டைக் காட்டுங்கள்.